வண்டி நின்ற பிறகு விழுந்த அடி

கல்யாணம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அன்று சாயங்காலம்தான் நாங்கள் இருவர் மட்டும் முதல்முறையாகச் சினிமாவுக்குக் கிளம்பினோம். என் வீட்டுக்காரருக்குச் சிங்காநல்லூரில் பம்பு பட்டறையில் வேலை. பைக்கில் பின்னால் உட்கார்ந்து நான் சொன்ன ஏதோ கதைக்குத் திரும்பிச் சிரித்தவர், போலீஸ் கை காட்டியதைக் கவனிக்கவில்லை.

கொஞ்சம் தள்ளித்தான் நிறுத்தினார். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, "சாரிங்க சார், பாக்கலீங்க" என்றார். ஓடிவந்த எஸ்.ஐ. லத்தியால் அவர் கெண்டைக்காலில் ஓங்கி அடித்தார். இவர் இரண்டு கைகளையும் தூக்கினார். அப்படியும் முதுகில் ஓர் அடி விழுந்தது. லத்தி மறுபடி உயர்ந்தபோது நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். எப்போது இறங்கினேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

"வண்டிதான் நின்னுபோச்சே, அப்பறம் எதுக்குங்க அடிச்சீங்க?"

"நிக்காம போனவன வேற என்ன பண்ணுவாங்க? தள்ளும்மா."

"கேஸ் போடுங்க, வண்டியப் புடிச்சு வைங்க. கையத் தூக்கிட்டு நிக்கற ஆள அடிக்கச் சொல்லி ஆருங்க சொன்னது?"

என் குரல் கீச்சிட்டது. அந்தக் கோபத்திலும் என் பேச்சில் ஒரு 'ங்க'கூடக் குறையவில்லை. பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரோடு வந்து சுற்றி நின்றார்கள். ஒருவர் செல்போனை உயர்த்தினார். "அந்தப் புள்ள கேக்கறது நாயந்தானுங்களே" என்றார் இன்னொருவர். லத்தி கீழே இறங்கியது.

ஜீப்பில் வந்த இன்ஸ்பெக்டர் வீங்கிய காலைப் பார்த்தார். "புகார் குடுங்க, நான் வாங்கிக்கறேன்" என்று சொல்லி, அதே ஜீப்பில் எங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

வழியில் இவர் என் காதருகே குனிந்தார். "மாப்பிள்ளை அழைப்புக்குக்கூட எனக்கு ஜீப்பு வரலை அம்மணி."

அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவருக்கும் தொற்றிக்கொண்டது. முதுகு வலிக்க வலிக்கச் சிரித்தார். ஓட்டிவந்த காவலர் கண்ணாடியில் எங்களை விநோதமாகப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் ஊசியோடு வந்த நர்ஸ், "அடிபட்டது ஆருங்க?" என்று கேட்டபோது, இருவருமே கண்ணீர் வழிய ஒருவரையொருவர் கைகாட்டினோம். அவ்வளவு நேரம் அடக்கிய பயமெல்லாம் அப்படித்தான் வெளியே வந்தது போலும்.

"போலீசுகிட்ட எதுக்குக் கண்ணு வம்பு" என்று மாமியார் தடுத்தும் மறுநாள் புகார் கொடுத்தோம். விசாரணையில் அந்த எஸ்.ஐ. தலைகுனிந்தபடி வருத்தம் தெரிவித்தார். வாகனச் சோதனைக்கு இனி அவரை அனுப்புவதில்லை என்றார்கள்.

அன்று மாலையே மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்லத் தொடங்கிவிட்டார். கதை தெருக்கோடி வீட்டை எட்டுவதற்குள் நான் லத்தியைப் பிடுங்கி இரண்டாக ஒடித்திருந்தேன். நான் மறுக்கவில்லை. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த இவர் கெண்டைக்காலைத் தடவியபடி, "ஒடிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுதுங்க" என்றார்.