முதல் தடவை வந்தவர்

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பழைய தேவாலயத்தின் வாசலில் நாற்பது வருடம் நின்றவர் அவர். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. பாட்டுப் புத்தகத்தை முதல் பாட்டு இருக்கும் பக்கத்தில் விரித்துத்தான் நம் கையில் கொடுப்பார்.

சபை ஒன்பது பேராகச் சுருங்கியதும், கட்டடத்தைப் புதிய சபை ஒன்றுக்கு ஒப்படைக்கும் தீர்மானத்தைச் செயலாளரான நான்தான் எழுதினேன். ஆர்கனுக்கு ஒரு பிரிவு, மணிக்கு ஒரு பிரிவு. ஒன்பது பேரைப் பற்றி எதுவும் எழுதவில்லை. விதிகள் அதைக் கேட்கவில்லை.

புதியவர்கள் வந்து இரண்டு மாதம் ஆனது. வாசலில் டீ-சர்ட் இளைஞர்கள் நின்றார்கள். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். டிரம்ஸ் ஓய்ந்ததும் இளம் பாஸ்டர், "இன்னைக்கு முதல் தடவ வந்தவங்க எழுந்து நில்லுங்க, வெல்கம் பண்ணுவோம்" என்றார். யாரும் எழவில்லை. பாஸ்டர் மைக்கோடு காத்திருந்தார். கடைசி வரிசையிலிருந்து அவர் எழுந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு பெண் சாக்லேட் பையை நீட்டி, "அங்கிள், எங்க சர்ச் புடிச்சிருக்கா?" என்றாள்.

"நல்லா இருக்கும்மா."

வெளியே வந்ததும் கத்தினேன். "வெக்கமா இல்ல ஒனக்கு? இது நம்ம சர்ச்லா!"

"நம்ம சர்ச்சா? எழுதிக் குடுத்தது நீங்கதானே அண்ணே. யாரும் நிக்கலன்னா அந்தத் தம்பி மூஞ்சி வாடிரும், பாவம்."

அடுத்த ஞாயிறும் புதிதாக யாரும் வரவில்லை. அவர் மறுபடி எழுந்தார். அதே பெண், அதே பை, அதே கேள்வி. போன வாரம் பார்த்த முகம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர் நின்றது இரக்கத்தாலா, என்னை அறைவதற்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.