வலது பக்கமாக மட்டும்

“படிப்பு வந்துருச்சு, சரி. பயம் போவோணுமே புள்ள, அதுக்கு எந்தக் காலேஜ்ல சேருவே?”

விமான நிலையத்துக்கு வேன் ஏறும் முன் என் தாய்மாமா எல்லோர் முன்னாலும் இப்படிக் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் விசைத்தறியில் மாற்றி மாற்றி ஷிப்ட் பார்த்தவர்கள். அவர்கள் மகள் என்ஜினீயரிங் முடித்து, சென்னையில் வேலை பார்த்து, டெக்சாஸுக்குப் போகிறாள். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு, அதை நான் மறைப்பதில்லை. ஆனால் அதே பெண் இடி இடித்தால் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நிற்பாள் என்பதும், நாய் படுத்திருக்கும் தெருவை விட்டுச் சுற்றிப் போவாள் என்பதும் ஈரோட்டில் எங்கள் வீதிக்கே தெரியும்.

இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் வருஷத்தைத் தப்பாகப் படித்துவிடும் என்று உலகம் பயந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் பயத்தைச் சரிசெய்வதற்குத்தான் என்னைப் போன்றவர்களை அழைத்திருந்தார்கள். காப்பெல் என்ற சிற்றூரில், ஒரு வெள்ளைக்கார அம்மாளின் கார் ஷெட்டுக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தேன்.

எழுபதைத் தாண்டியவர், கணவர் இல்லை. டெக்சாஸை விட்டு வெளியே போனதே இல்லை என்பதை ஒரு பட்டம் வாங்கியதைப் போலச் சொல்வார். பல வருஷம் சொந்தமாகப் பியூட்டி பார்லர் நடத்தியவர். முதல் நாளே என் சடையைக் கையில் தூக்கி எடை பார்த்தார்.

“இத்தனையும் தலையில சொமந்துட்டு எப்படிக் கண்ணு ரோசனை பண்றே? காசு வேண்டாம், வெட்டி உடட்டுமா?”

அவர் பேசியது டெக்சாஸ் ஆங்கிலம்தான். வார்த்தைகளை இழுத்து இழுத்து, எல்லோரையும் ‘ஹனி’ போட்டுப் பேசுவார். என் காதில் அது எங்கள் பக்கத்துக் ‘கண்ணு’வாகவே விழுந்தது. அதனாலோ என்னவோ, அவர் பேசியதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சாகவே நினைவில் நிற்கிறது. நான் அவரை ஆன்ட்டி என்று கூப்பிட்டேன். “நான் ஆருக்கும் அத்தையில்லையே” என்று முறைத்தார். அடுத்த வாரம் தபால்காரரிடம் அவரே, “இவளுக்கு நான் ஆன்ட்டி” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருக்குக் கண்ணில் கோளாறு. நேராகப் பார்த்தால் நடுவில் புகை மூட்டம். ஓரங்களில் மட்டும் பார்வை மிச்சமிருந்தது. அதனால் கோழியைப் போலத் தலையைச் சாய்த்துப் பக்கவாட்டில்தான் நம்மைப் பார்ப்பார். ஆனால் அவருடைய சனிக்கிழமைகளில் ஒன்றும் குறைந்துவிடக் கூடாது. டோமினோ ஆடும் மன்றத்துக்குப் போக வேண்டும். அங்கே கட்டைகளில் உள்ள புள்ளிகளை விரலால் தடவியே ஆடி, அடுத்தவர் கட்டையையும் தடவிப் பார்த்து மாட்டிக்கொள்வார். பிறகு ஏரிக்கரை. தண்ணீர் தெரியாவிட்டாலும் காற்றைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கோடையானால் ரோட்டோரப் பீச் பழக்கடையில் ஒவ்வொரு பழமாக மோந்து பார்த்து, கடைக்காரரைப் பொறுமையிழக்க வைத்துத்தான் வாங்குவார்.

எல்லாவற்றையும் விட அவருக்குப் பிடித்தது புயல். இடி இடித்தால் நான் மாடியில் போர்வைக்குள் இருப்பேன். அவர் நாற்காலியை முன்வாசலுக்கு இழுத்துப் போட்டு, சினிமாவுக்கு வந்தவரைப் போல உட்கார்ந்துவிடுவார். சிறு வயதில் அவர்கள் பண்ணையில் சூறாவளி வந்த கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார். குடும்பமே நிலவறைக்குள் இறங்கி, பழ ஜாடிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்ததாம். வெளியே வந்து பார்த்தால் மாட்டுக் கொட்டகையைக் காணோம். உள்ளே கட்டியிருந்த பசு மட்டும் அதே இடத்தில் அசை போட்டுக்கொண்டு நின்றதாம்.

ஒரு நாள் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது எதிர்வீட்டு வாசலில் கம்பத்தில் நிற்கும் தபால் பெட்டி இடிபட்டு ரோட்டில் கிடந்தது. அந்தப் பார்வையை வைத்துக்கொண்டு அவரே காரை எடுத்துக் கடைக்குப் போயிருக்கிறார். அந்த வாரக் கடைசியில் அவர் மகன் ஹூஸ்டனிலிருந்து வந்தார். சத்தம் மாடிப்படி வரை கேட்டது.

“இன்னொரு தடவை ஸ்டியரிங்கைத் தொட்டீங்கன்னா வீட்டை வித்துடுவேன்மா. எங்க பக்கத்துல ஒரு முதியோர் இல்லம் பாத்து வச்சிருக்கேன்.”

“அந்தப் பெட்டி முன்னாடி அங்க இல்லைடா.”

“நான் பள்ளிக்கூடம் போற காலத்துல இருந்து அங்கதான் இருக்கு.”

பிறகு ஆன்ட்டியின் குரல்: “அதோ படியில ஒட்டுக் கேட்டுட்டு நிக்கறாளே, அவகிட்ட லைசென்ஸ் இருக்குது.”

மகன் என்னைப் பார்த்தார். “ஓட்டுவீங்களா?”

“ஓட்டுவேன்” என்றேன். அதைச் சொன்னது என் பெருமைதான். பயம் எப்போதும் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். லைசென்ஸ் கைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது; ஆபீஸுக்கு மற்றவர்கள் காரில் போய்க்கொண்டிருந்தேன்.

அவர் சாவியை என்னிடம் கொடுத்தார். “சனிக்கிழமை மட்டும், பக்கத்து ரோடுங்க மட்டும். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அதோட சரி, அம்மா எங்கூட வந்துடணும்.”

ஆக, நான் ஓட்டாவிட்டால் அவர் காரை எடுப்பார்; வீடு போய்விடும். நான் ஓட்டி எங்காவது இடித்தாலும் வீடு போய்விடும். சனிக்கிழமை காலையில் எனக்குத் தோசை இறங்காமல் போனது அப்போதிருந்துதான்.

படகு போல நீளமான பழைய கார் அது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் விரல்கள் மரத்துப்போகும். இடது பக்கம் திரும்புவது எனக்குச் செத்துப் பிழைப்பது மாதிரி. அந்த ஊரில் வண்டிகள் வலது ஓரமாகப் போகும்; எதிரே வருகிற கார்களின் குறுக்கே பாய்ந்து திரும்ப வேண்டும். எந்த இடைவெளி போதும் என்று என் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதனால் முதல் நாள் சாயங்காலமே வரைபடத்தை விரித்து, வலது பக்கமாக மட்டும் திரும்பிப் போகிற வழி ஒன்றைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்வேன். டோமினோ மன்றத்துக்கு நேரே போனால் சீக்கிரம் போய்விடலாம். நான் ஊரைச் சுற்றிக்கொண்டு போவேன். வண்டிகள் நிற்காமல் பறக்கும் ஃப்ரீவே பக்கம் தலைவைத்துப் படுக்கவே இல்லை.

“ஏங்கண்ணு, ரொட்டிக் கடை வாசம் மறுக்காவும் வருது?”

“அது வேற கடைங்க ஆன்ட்டி.”

“இந்த ஊர்ல ரொட்டிக் கடை ஒண்ணுதான்.” அதற்கு மேல் கேட்கவில்லை. சீட்டில் சாய்ந்து பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்.

ஏப்ரலில் அங்கே ரோட்டோரமெல்லாம் நீலப் பூ பூக்கும். புளூபானெட் என்பார்கள். குழந்தைகளை அந்தப் பூவுக்கு நடுவில் உட்கார வைத்துப் போட்டோ எடுக்காத டெக்சாஸ்காரர் இல்லை. தெற்கே ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு சரிவு முழுக்கப் பூத்திருப்பதாக டோமினோ மன்றத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். போய்ப் பார்த்துவிட வேண்டும், அடுத்த ஏப்ரலில் இந்த ஓரப் பார்வையும் இருக்குமோ இருக்காதோ என்றார் ஆன்ட்டி. அதைக் கேட்ட பிறகு எப்படி மறுப்பது? பக்கத்து ரோடு என்று மகன் சொன்னதைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டேன். பண்ணைச் சாலைகளாகப் பார்த்துச் சுற்றிச் சுற்றிப் போய்ச் சேர்ந்தோம்.

அவர் பூவுக்குள் அப்படியே உட்கார்ந்து தலையைச் சாய்த்தார். கஞ்சி போட்ட கவுன் மாட்டி அம்மா தன்னை உட்கார வைத்ததைச் சொன்னார். மகனை உட்கார வைத்தபோது எறும்பு கடித்து அவன் அழுத படமே இன்னும் சுவரில் தொங்குகிறதாம். நான் ரோட்டை விட்டு இறங்கவில்லை.

“பாம்பு இருக்குமுங்களா?”

“இருக்கும். அதுவும் போட்டோ எடுக்கத்தான் வந்திருக்கும், வா.”

திரும்பும்போது காற்று சட்டென்று நின்றது. புழுக்கம் கழுத்தைப் பிடித்தது. மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். எதிரே வானம் கறுத்து, அடியில் ஒரு மாதிரிப் பச்சையாக இருந்தது. முதலில் சில துளிகள். பிறகு ஆலங்கட்டி, எலுமிச்சம்பழம் அளவில். கூரையில் விழுந்த சத்தத்தில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. முன் கண்ணாடியில் ஒரு கீறல் ஓடியது. சற்றுத் தள்ளி எங்கள் சாலைக்கு மேலே ஃப்ரீவேயின் பாலம் குறுக்கே போனது. அடியில் ஏற்கெனவே சில கார்கள் ஒதுங்கியிருந்தன. நானும் போய் நின்றேன். மழை வந்தால் பாலத்துக்கு அடியில் ஒதுங்குவதைத் தவிர எனக்கு வேறென்ன தெரியும்? எங்கள் ஊரில் ஸ்கூட்டர்காரர்கள் எல்லாம் அப்படித்தான் நிற்பார்கள். காப்பாற்றிவிட்டேன் என்றே நினைத்தேன்.

“சத்தம் நின்னுருச்சே, எங்க நிறுத்தியிருக்கே?”

“பாலத்துக்கடியிலங்க. இங்க நனையாது.”

அவர் என் கையைப் பிடித்தார். “நனையறதா பிரச்னை? பாலத்துக்கடியில காத்து நெருக்கிட்டு வரும் கண்ணு, ஆளையே உருவிட்டுப் போயிரும். மேக்கால என்ன தெரியுது, சொல்லு.”

அப்போதுதான் சைரன் ஊதத் தொடங்கியது. கறுப்பு மேகத்திலிருந்து ஒரு துண்டு மட்டும் தனியாகத் தொங்கியது. யானை தும்பிக்கையை இறக்குவது போல. சொன்னேன்.

“பக்கவாட்டுல நகருதா, நின்ன எடத்துலயே பெருசாவுதா?”

தூரத்தில் அந்த ஊரின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அதை அடையாளமாக வைத்துப் பார்த்தேன். “தொட்டிக்கு மேலயேதான் நிக்குதுங்க. பெருசாவுது.”

“அப்ப நம்மளப் பாத்துத்தான் வருது.” குரல் இறங்கிவிட்டது. “பசுவைப் பத்தி மட்டுந்தான் உங்கிட்டச் சொல்லியிருக்கேன். அன்னிக்கு எங்கப்பா கதவைப் புடிச்சு மூட வெளிய நின்னாரு. மறுபடி உள்ள வரவே இல்ல. அதுக்கப்பறம் ஒரு புயலைக்கூட நான் பாக்காம உட்டதில்ல கண்ணு. கண்ணு முன்னால இருந்தா எங்க போவுதுன்னு தெரியுமில்ல. இப்ப எனக்குத் தெரியலையே.”

வேடிக்கை பார்க்கிறார் என்று நான் நினைத்ததெல்லாம் காவல் இருந்ததாம்.

“எறங்கிப் பள்ளத்துல படுத்துக்கலாம்” என்றார். எட்டிப் பார்த்தேன். பள்ளத்தில் தண்ணீர் ஓடியது. அவர் முழங்காலை வைத்துக்கொண்டு அந்தச் சரிவில் இறங்க முடியாது. வலது பக்கம் திரும்பினால் வடக்கே போகலாம். அங்கே மழை திரை போட்டிருந்தது. தெற்கே வானம் வெளுத்திருந்தது. தெற்கே போக இடது பக்கம் திரும்பி, அப்படியே ஃப்ரீவேயில் ஏற வேண்டும். வேறு வழி இல்லை.

சிக்னல் விளக்கு அணைந்திருந்தது. எதிரே வந்த கார்கள் யாருக்கும் நிற்கிற நிலையில் இல்லை. என் கால் பிரேக்கை விட மறுத்தது. மாமா கேட்ட கேள்வியும் வேன் வாசலும் எதற்கோ நினைவுக்கு வந்தன. ஓர் இடைவெளி வந்து போனது. இன்னொன்று வந்து போனது. மூன்றாவதில் கண்ணை மூடவில்லை என்று மட்டும் சொல்ல முடியும். மற்றபடி எப்படித் திரும்பினேன் என்று தெரியாது. ஏறுபாதையில் பக்கத்திலேயே ஒரு பெரிய லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தது. அவர் கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு வார்த்தை பேசவில்லை. வாயாடும் மனுஷி பேசாமலிருந்தது எனக்கு லாரியைவிடப் பயமாக இருந்தது.

வெயில் வரும்வரை ஓட்டினேன். ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தியபோது என் விரல்களை அவர்தான் ஒவ்வொன்றாக ஸ்டியரிங்கிலிருந்து பிரித்தார். அந்தச் சூறாவளி சில கொட்டகைகளின் கூரைகளைப் பிய்த்துவிட்டு வயலில் அடங்கிவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். பாலம் வரைக்கும் வந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது.

கார் முழுக்க அம்மைத் தழும்பு போலக் குழிகள்.

“இது நம்ம ஷெட்டுக்கு வெளிய நின்னப்ப உழுந்த ஆலங்கட்டி” என்றார் வீட்டு வாசலில் இறங்கும்போது. “அப்படித்தான் அவங்கிட்டச் சொல்றோம்.”

நான் அப்படிச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகனுக்கு நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன், பாலத்துக்கடியில் நின்றது உட்பட. வீடு போய்விட்டது என்றே நினைத்தேன்.

“ஃப்ரீவேல நீங்களா ஓட்டினீங்க?” என்றார். “அப்ப வர்ற வெள்ளிக்கிழமை அம்மாவை நீங்களே ஹூஸ்டனுக்கு ஓட்டிட்டு வாங்க. நான் உங்க பக்கத்துல உக்காந்து ஒரு ரவுண்டு வரேன். அதுக்கப்புறம்தான் எதுவும் சொல்வேன்.”

“கெட்டுது போ” என்றார் ஆன்ட்டி. “உண்மையச் சொல்லி ஆராவது பொழைச்சிருக்காங்களா?” ஆனால் அன்றைக்கே பெட்டியைத் திறந்து, ஹூஸ்டனுக்கு எந்தத் தொப்பி போடுவது என்று தடவிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு அன்றிரவே விரல் மரத்துப்போனது, ஸ்டியரிங் இல்லாமலே. நாலு மணி நேரம், முழுக்க ஃப்ரீவே. போய்ச் சேர்ந்தால் ஒரு மகன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். வரைபடத்தை விரித்து, வலது பக்கமாக மட்டும் திரும்பி ஹூஸ்டன் போக வழியுண்டா என்று தேடினேன். கிடையாது. வரைபடத்தை மடித்து வைத்தேன். மறுநாள் காலை காரில் புதுக் கண்ணாடி மாட்டி வாங்கிவந்து, மேனேஜரிடம் வெள்ளிக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டேன்.