வரைந்தவன் வந்து நின்றபோது

இன்று ஒரு பல்கலைக்கழகப் பொதுச் சுகாதாரத் துறையின் வரலாற்றுக் கண்காட்சிக்குப் போனேன்.

எண்பதுகளில் செல்லூரில் வாந்திபேதி பரவியபோது, எந்தக் கிணற்றால் எந்த வீட்டில் நோய் என்று சந்து சந்தாக நடந்து நான் வரைந்த படம், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது.

கீழே, "எங்கள் மாணவர்கள் வரைந்தது."

அங்கிருந்த பேராசிரியரிடம் சொன்னேன்: "இது நான் வரைஞ்சது சார். உங்க மாணவருங்க சந்து முனையிலயே மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னாங்க."

"அப்படியா! நீங்க எந்த பேட்ச் ஐயா?"

"எட்டாவது பெயில். தறி ஓட்டுனவன்."

"அப்ப, உதவியாளர்னு போட்டுடலாம்" என்று சிரித்தார்.

யாருக்கு உதவியாளர்? மூக்கைப் பொத்தியவர்களுக்கா?

மேசையிலிருந்த மார்க்கரை எடுத்து, கண்ணாடி மேலேயே என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு வந்தேன்.

துடைத்தால் நாளைக்கும் போவேன். துணைக்கு யார் யார் வருகிறீர்கள்?