சிகிரியாவுக்கு ஒரு கருவாட்டு லொறி

மீனவர் ஊரான பேசாலையின் சந்தியில் விடிந்து வெகுநேரமாகியும் மீன் லொறி வரவில்லை. தம்புள்ளைச் சந்தைக்குப் போகும் லொறி ஒன்றில் தொற்றிக்கொண்டால் சிகிரியாக் குன்றிலுள்ள பழைய அரண்மனை இடிபாடுகளுக்கு மலிவாகப் போய்விடலாம் என்பது என் கணக்கு. எனக்குக் கிடைத்திருப்பது இந்த ஒருநாள் விடுப்புத்தான்.

மாதா கோயிலுக்கு ஞாயிறு பூசைக்குப் போகும் பெண் ஒருவர் என்னைக் கண்டு நிற்கிறார்.

"ஆரைப் பார்த்துக்கொண்டு நிக்கிறியள் தம்பி?"

"மீன் லொறியை, அக்கா."

அவர் சிரிக்கிறார். "ஞாயிற்றுக்கிழமை பேசாலையிலை மீனோ? நேற்றிரவு ஒரு வள்ளமும் இறங்கேல்லை. பூசை முடியாமல் ஆர் கடலுக்குப் போறது?"

எங்கே போகிறேன் என்று கேட்கிறார். சொல்கிறேன்.

"இடிஞ்சதைப் பார்க்கவோ இவ்வளவு தூரம்? எங்கடை பழைய வீட்டைக் காட்டியிருப்பனே!" என்றாலும் அவர் நகரவில்லை. "நில்லுங்கோ, கருவாட்டு லொறி ஒண்டு வரும். முஸ்லிம் ஆக்களின்ரை. அவையளுக்கு வெள்ளிதான் லீவு."

கோயில் மணி அடிக்கிறது. நான் அவரைப் போகச் சொல்கிறேன். தெரியாத ஆளை லொறிக்காரர் ஏற்றமாட்டாராம், நிற்கிறார்.

லொறி வந்ததும் வீதியில் இறங்கி மறித்து, சாரதியை அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிறார். "நானா, இவர் எங்கடை ஆள். தம்புள்ளையிலை இறக்கிவிடுங்கோ."

"ஏறுங்கோ தம்பி," என்கிறார் சாரதி. "இந்த மணத்தோடை மலை ஏறினா குரங்கெல்லாம் பின்னாலை வரும்."

ஏறி உட்கார்ந்து, நன்றி சொல்லத் திரும்புகிறேன். பூசையின் முதற்பாட்டு கேட்கிறது. அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சேலைத் தலைப்பைத் தலைக்கு இழுத்தபடி கோயிலை நோக்கி ஓடுகிறார்.