ரப்பர் தவளைக்காரர்

நெய்வேலி சுரங்கத்தில் எங்களோடு கான்ட்ராக்ட் வேலை பார்த்த ஒருவர், கழித்துப் போட்ட கன்வேயர் பெல்ட் ரப்பரில் தவளை செய்வார். ஹெல்மெட் போட்ட தவளை, கேன்டீன் வரிசையில் முண்டும் தவளை, ஷிப்ட் பஸ்ஸில் வாய் பிளந்து தூங்கும் தவளை. ஒல்லி ஆள். மீசையில் எப்போதும் கரி. போனைத் தொடுமுன் விரல்களைப் பனியனில் துடைப்பார்.

தவளைகளைப் படமெடுத்து, புனைபெயரில் ஓர் இணையக் குழுவில் போடுவார். பழைய சைக்கிள் டயர் என்று எழுதுவார். துண்டு ரப்பர் வெளியே போனாலும் திருட்டுதான், வேலை போய்விடும். அந்தக் குழுவில் எங்கள் சூப்பர்வைசரும் இருந்தான். ஆள் யாரென்று தெரியாமலே தவளைகளுக்கு உருகுவான்.

ஒருநாள் காலை அவன் எல்லார் முன்னாலும் இவரைப் பார்த்து, "யோவ் பெருசு, கைல மருதாணி வச்சிகினு இருக்கியா? மண்ண வாருய்யா!" என்று கத்தினான்.

மதியச் சாப்பாட்டின்போது அவர் போனை என்னிடம் நீட்டினார். அவனே எழுதியிருந்தான்: "வணக்கம் சார். புதுத் தவளை ஒண்ணும் காணோமே? எங்க ஊர்ப் பக்கம் வந்தா அவசியம் வீட்டுக்கு வாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான்தாண்டான்னு போடுங்கண்ணே!"

"போட்டா, சாயந்திரம் கேட்ல என் பையக் கவுத்துகினு நிப்பான். பொண்ணு காலேஜ் போய்கினு இருக்குது தம்பி."

விரலைத் துடைத்துக்கொண்டு பதில் தட்டினார்: "வேலை ஜாஸ்தி சார்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, மண் வாரப் போய்விட்டார்.

அந்தக் குழுவில் சார் அவர்தான். அங்கேயும் அவனை ஏன் சார் என்றார் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.