ஒலிபெருக்கி மாமாவும் முப்பத்தொரு கணுக்களும்

பேருந்து நிலையத்தில் என் மாமாவுக்கு ஒலிபெருக்கி என்று பெயர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து இருபத்திரண்டு வருடமாக அறிவிப்பவர். வீட்டிலும் அதே ராகம்தான். "குளியலறையில் இருப்பவர் உடனடியாக வெளியேறவும்" என்பார். வெளியே வராமல் படுத்துவது நான்.

சாப்பாடு இறங்கவில்லை என்று மருத்துவமனைக்குப் போனவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்றார்கள். மருத்துவர் படம் வரைந்து காட்டினார். குழாயை வெட்டிவிட்டு இரைப்பையை மேலே இழுத்துத் தைப்பார்களாம். நோய் ஒளிந்திருக்கக்கூடிய நிணநீர்க் கணுக்களையும் சுற்றுவட்டாரத்தில் தேடி எடுப்பார்களாம்.

"சில கணு குரல் நரம்ப ஒட்டியே இருக்கு. எடுக்கும்போது நரம்பு அடிபட்டா குரல் கம்மிடும். சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு வராது."

"அத மட்டும் விட்டுடுங்க டாக்டர்."

"குரல வச்சுக்கிட்டு ஆளு போயிட்டா யாருங்க அறிவிக்கிறது?" என்றாள் அத்தை.

அன்று முழுக்க மாமா உட்காரவில்லை. வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்து நடந்து, கடைசியில் கையெழுத்துப் போட்டார். பேனா காகிதத்தைக் கிழித்தது. மருத்துவமனையில் சேரும் முன் கூண்டுக்குப் போய், தான் இல்லாதபோது ஓடட்டும் என்று எல்லா வண்டிகளையும் மேடை எண்ணோடு ஒரே மூச்சில் பதிவு செய்து வைத்தார்.

அறுவை சிகிச்சையில் எடுத்தது முப்பத்தொரு கணு. இரண்டில் நோய் இருந்தது. இரண்டும் அந்த நரம்பை ஒட்டியவை. கேட்டதும் அத்தை சுவர்ப்பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினாள்.

மாமா மட்டும் வாயே திறக்கவில்லை. "பேசிப் பாருங்க" என்று மருத்துவர் தினமும் கெஞ்சினார். மாமா சிலேட்டில் எழுதினார். போர்வைக்குள் கால் மட்டும் ஓயாமல் ஆடியது.

பன்னிரண்டாம் நாள் நிலையத்துக்குப் போய் அங்கே ஓடும் அறிவிப்பைக் கைப்பேசியில் பதிவு செய்து வந்து, அவர் காதருகே வைத்தேன். அவர் குரல்தான். கணீரென்று, "துறைமுகம் செல்லும் வண்டி, மூன்றாம் மேடை!"

"போன வாரமே அத ஏழுக்கு மாத்திட்டாங்க மாமா. உங்க பேச்சக் கேட்டு ஜனம் மூட்டையோட மூணுல நிக்குது."

மாமா எழும்பி உட்கார்ந்தார். சிலேட்டில் 'ஏழு' என்று அழுத்தி எழுதினார்.

"படிக்கத் தெரிஞ்சா நான் ஏன் மாமா பத்தாவது பரிச்சைல ரெண்டு தடவ கோட்டு அடிக்கப்போறேன்?"

"ஏழுடி, கழுத!"

குரலா அது? பஞ்சரான டயர். மாமாவே திகைத்துத் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். எனக்குக் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது.

"அந்தப் பதிவ நிறுத்தச் சொல்லு," என்று காற்றாகச் சொன்னார்.

"அப்புறம் யாரு பேசுவா?"

"மைக்கு எதுக்கு இருக்கு? சத்தத்தக் கூட்டி வைக்கச் சொல்லு. நான் வர்றேன்."