கைகட்டி நின்றவர்

எங்கள் குடியிருப்பில் அவருக்குக் கைகட்டி என்று பெயர். எந்நேரமும் இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டி, உள்ளங்கைகளை அக்குளில் ஒளித்துக்கொண்டு நிற்பார். யார் வீட்டிலாவது குழாய் ஒழுகினால் எட்டிப் பார்ப்பார். “வாஷர் போயிடுச்சு. அரைமணி வேலை கூட இல்ல, இதை இத்தனை நாளா ஒழுக விட்டிருக்கீங்களே” என்று நம் மானத்தை வாங்குவார். சரி, நீங்களே மாட்டிக் கொடுங்களேன் என்றால் கட்டிய கை இன்னும் இறுகிக்கொள்ளும்.

அது திமிர் இல்லை, சட்டம். அடைக்கலம் கேட்டு வந்தவர்கள் வழக்கு முடியும்வரை வேலை செய்யக் கூடாது. கூலி வாங்கினாலும் குற்றம், வாங்காவிட்டாலும் குற்றம். வேலை செய்தால் பிழைக்க வந்தவன் என்று அர்த்தமாம். செய்யாவிட்டால் உட்கார்ந்து தின்கிறான் என்று ஊரே பேசும். இந்த அழகான ஏற்பாட்டை யோசித்துக் கண்டுபிடித்தவர் நன்றாக இருக்கட்டும். ஒருமுறை காய்கறிக் கடைக்காரருக்கு மூட்டை இறக்கக் கைகொடுத்து இவர் மாட்டிக்கொண்டார். இன்னொரு முறை பிடிபட்டால் வழக்கில் அதையே எதிராக வைப்போம் என்று எச்சரித்து அனுப்பினார்கள். அன்றிலிருந்துதான் கைகட்டி.

எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள். பேச்சு நம் பேச்சுதான், இழுவைதான் கொஞ்சம் வேறு. இரண்டாவது மாடியில் அரசாங்கம் வாடகைக்கு எடுத்த வீட்டில், தன்னைப் போலவே காத்திருந்த சிலரோடு இருந்தார். ஊரில் லிஃப்ட் மெக்கானிக். அடக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. “நான் கை வெச்ச லிஃப்ட் நடுவுல நின்னதா சரித்திரமே இல்ல தம்பி” என்பார். எங்கள் லிஃப்டில் மட்டும் ஏறவே மாட்டார். “இது லிஃப்டா? கிணத்து வாளி.”

அவர் ஊரில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் லிஃப்ட் குழியில் தொழிற்சங்கக்காரர் ஒருவர் செத்துக் கிடந்தார். தவறி விழுந்துவிட்டார் என்று கதையை முடிக்கப் பார்த்தார்கள். குழிக்குள் இறங்கி உடலைப் பார்த்தவர் இவர். லிஃப்ட் வேறு மாடியில் நிற்கும்போது கதவு தானாகத் திறக்காது, யாரோ சாவி போட்டுத் திறந்திருக்கிறார்கள் என்று விசாரணையில் சொல்லிவிட்டார். சில நாளில் அவர் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். மனைவியையும் மகளையும் மச்சினன் வீட்டில் விட்டுவிட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். வழக்கு ஜெயித்ததும் அவர்களை அழைத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு.

ஆனால் வீட்டோடு அவருடைய சான்றிதழ்களும் எரிந்து போயிருந்தன. மெக்கானிக் என்பதற்கு என்ன ஆதாரம் என்று முதல் விசாரணையில் அதிகாரி கேட்டார். ஆதாரம் இல்லை. அப்படியானால் நீ மெக்கானிக்கும் இல்லை, நீ குழியில் இறங்கவும் இல்லை, பிழைக்க வந்த ஆள் என்று தள்ளிவிட்டார்கள். மேல்முறையீடு பாக்கி இருந்தது. அதிலும் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே அவரை வரவேற்கக் காத்திருப்பவர்கள் தீப்பெட்டியோடு இருப்பவர்கள்.

இங்கே என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடியிருப்போர் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். மாமா போன பிறகு நான் அவளோடும் அவள் மகளோடும் ஐந்தாவது மாடியில் இருக்கிறேன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். சங்கக் கூட்டத்தில் அக்கா எழுந்து நின்றாலே கைதட்டு விழும். “உயிருக்குப் பயந்து வந்தவனுக்கு இடம் கொடு, நான் வேண்டாங்கல. வசதியா வாழ வந்தவனை எதுக்கு நம்ம வரிப்பணத்துல வெச்சுக்கணும்?” என்பாள். யார் எதற்கு வந்தவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டேன். “ஆளைப் பார்த்தாலே தெரியும்டா. அந்தக் கைகட்டியைப் பாரு, நெஞ்சை நிமித்திக்கிட்டு நடக்கறான். பயந்தவன் நடக்கிற நடையா அது?” அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

ஒருநாள் காலை லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே நின்றது. உள்ளே அக்கா மட்டும். அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. உறிஞ்சும் மருந்து வீட்டு மேசையில் கிடந்தது. லிஃப்ட் கம்பெனிக்குப் போன் செய்தால் ஆள் கிளம்பிவிட்டார் என்றார்கள். தீயணைப்பு வண்டி வேறெங்கோ தீயை அணைக்கப் போயிருந்தது. முதலில் அக்கா உள்ளிருந்து கம்பெனிக்காரனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி திட்டினாள். பிறகு திட்டு குறைந்து இருமல் மட்டும் கேட்டது.

படியில் அவர் நின்றிருந்தார், கையைக் கட்டிக்கொண்டு.

“அண்ணே, உள்ள அக்கா. மூச்சு விட முடியல.”

“கேட்டுச்சு.” அவர் முகம் வெளுத்திருந்தது. “நான் தொட மாட்டேன் தம்பி. நான் சொல்றேன், நீங்க செய்ங்க. மேல ஓடுங்க.”

மொட்டைமாடியில் இயந்திர அறை. அக்கா மகள் பின்னால் நின்று போனில் வெளிச்சம் அடித்தாள். அடித்தவள் வீடியோப் படமும் எடுத்தாள், கம்பெனி மேல் புகார் கொடுக்க. அவர் கையைக் கட்டியபடி வாசலில் நின்று மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னார், அணைத்தேன்.

“அந்த நெம்புகோல்தான் பிரேக். இழுத்தா விடும். இந்தச் சக்கரத்தைச் சுத்தினா லிஃப்ட் நகரும்.”

“ரெண்டையும் சேர்த்தா?”

“ஒருத்தரால முடியாது. ஒரு ஆள் பிரேக், ஒரு ஆள் சக்கரம். உள்ள ஒரே ஆளு, கயித்தோட மறுமுனையில தொங்குற எடைதான் கனம். சக்கரத்தைப் பிடிக்காம பிரேக்கை விட்டீங்கன்னா பிச்சுக்கிட்டு மேல போய் மோதும்.”

அக்கா மகள் போனை என்னிடம் தந்துவிட்டு நெம்புகோலையும் சக்கரத்தையும் பிடித்துப் பார்த்தாள். இரண்டும் அவளுக்கு அசையவே இல்லை. கயிறு இறங்கும் துளை வழியே கேட்டுக்கொண்டிருந்த இருமல் நின்றுவிட்டது. “அம்மா!” என்று அவள் கத்தினாள். பதில் இல்லை.

அவர் கையைப் பிரித்தார். “வெளிச்சத்தை நீ பிடிம்மா. தம்பி, பிரேக்கை இழுங்க. விடுன்னா உடனே விடணும்.” அதன் பிறகு அவர் வேறு மனிதர். சக்கரத்தை உடம்போடு அணைத்து அங்குலம் அங்குலமாகச் சுற்றினார். நான் நெம்புகோலைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று நடுநடுவே என்னைத் திட்டினார். லிஃப்ட் நான்காவது மாடிக்கு நேராக வந்தது. கதவைத் திறந்தபோது அக்கா தரையில் சரிந்து கிடந்தாள், உதடு நீலம் பாரித்து. மருந்தை உறிஞ்சியதும்தான் எனக்கும் மூச்சு வந்தது.

இதோடு நின்றிருக்கலாம். ஆனால் என் அக்கா நன்றியை மனதுக்குள் வைத்துக்கொள்கிறவள் இல்லை. மறுநாள் அந்தப் படத்தைச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் போட்டு எழுதினாள்: “நம்ம ரெண்டாவது மாடிக்காரர். என்ன வேலைக்காரர் பாருங்க! இப்படி உழைக்கிறவங்க வந்தா நாடு உருப்படும்.” சாயங்காலத்துக்குள் அது ஊரைச் சுற்றிவிட்டது. பாதிப்பேர் இவரை வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மீதிப்பேர், வேலை செய்யக் கூடாதவன் வேலை செய்கிறான், சாயம் வெளுத்துவிட்டது, அனுப்புங்கள் என்றார்கள். நான் சட்டத்தைச் சொன்னதும்தான் அக்காவுக்கு உறைத்தது. அவசரமாக அழித்தாள். அழித்து என்ன பயன்?

இரண்டாவது மாடிக்குப் போய் நின்றாள். “எனக்குத் தெரியாதுங்க. நான் நல்லதுன்னு நெனச்சுத்தான்...”

“தெரியும்மா” என்றார் அவர். திட்டியிருந்தால் அக்கா தேறியிருப்பாள்.

மேல்முறையீட்டு விசாரணைக்கு முன் அவருடைய வக்கீல் ஒரு வழி சொன்னார். படத்தில் முகம் தெரியவில்லை, முதுகும் கையும்தான். நானில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாராலும் நிரூபிக்க முடியாது. நானும் அக்காவும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அரசு வக்கீல் படத்தை ஓடவிட்டு, “இது நீங்களா?” என்றார்.

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

“நான்தாங்க” என்றார். அதோடு விடுகிற ஆளா? “பிரேக் பிடிக்கிறவரு கத்துக்குட்டி. அவருக்குச் சொல்லிக் கொடுத்துக்கிட்டே சுத்தினதால கொஞ்சம் நேரமாயிடுச்சு.” நடுவர்கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். மெக்கானிக் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

மதியம் தீர்ப்பை வாசித்தார்கள். இவர் தேர்ந்த லிஃப்ட் மெக்கானிக் என்பது ஐயமில்லாமல் தெரிகிறது. இப்படியொரு தொழில் கையில் உள்ளவர், நல்ல வருமானம் தேடி இங்கே வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். தடையை மீறி இரண்டாம் முறையும் வேலை செய்தது அதை உறுதிப்படுத்துகிறது. குழியில் கிடந்த உடலைப் பற்றி உறுதி செய்ய வழியில்லை. போன முறை மெக்கானிக் இல்லை என்பதால் தள்ளினார்கள், இந்த முறை மெக்கானிக் என்பதால். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கிருந்த மேசையைக் கவிழ்த்திருப்பேன்.

அக்கா எழுந்துவிட்டாள். “ஐயா, அது வேலை இல்லைங்க. நான் செத்துக்கிட்டிருந்தேன். என்னை வெளிய எடுத்தாருங்க ஐயா.” உட்காரும்படி நடுவர் சொன்னார். அவள் உட்காரவில்லை, காவலர் வந்து வெளியே அழைத்துப் போனார்.

அவரை அன்றே காவலில் எடுத்தார்கள். வண்டியில் ஏற்றுமுன் தாழ்வாரத்தில் எங்களோடு ஒரு நிமிஷம் பேசவிட்டார்கள். அக்கா அழுதுகொண்டே கேட்டாள்: “நான் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எதுக்கு ஒத்துக்கிட்டீங்க?”

“அங்கயும் அதைத்தாம்மா சொன்னாங்க. எதையும் பார்க்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்னாங்க. சொல்லியிருந்தா நான் ஏன் வீட்டை விட்டு வரப்போறேன்?”

பிறகு மச்சினன் வீட்டுத் தொலைபேசி எண்ணைச் சொன்னார். விஷயத்தை வேறு யாரும் சொல்லி மனைவிக்குத் தெரியக் கூடாது என்றார். அக்காதான் சொல்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். வண்டி போனதும் வாசலிலேயே நின்று போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

“கேஸு முடிஞ்சுதுங்களா?” அவர் மனைவியின் குரல் எனக்கும் கேட்டது. “நாங்க எப்பக் கிளம்பணும்னு சொன்னாரு?”

அக்கா போனை என்னிடம் நீட்டினாள்.